வழியில் வேன் நின்றால் விவசாயிகள் செய்ய வேண்டியவை

விளைச்சலை வீடு சேர்ப்பதுடன் விவசாயியின் வேலை முடிந்துவிடுவதில்லை. அதை வாடாமல், வதங்காமல், நேரத்தோடு சந்தை சேர்த்தால்தான் பாடுபட்டதற்குப் பலன் உண்டு. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே உள்ள மல்லாங்கிணறு வட்டாரம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல் பூமியாகும். பருத்தி, மக்காச்சோளம், பயறு வகைகள், மிளகாய், கொத்தமல்லி ஆகியவை இங்கு மழையை நம்பி விளைகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மல்லிகையும் காய்கறியும் பயிராகின்றன. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி விளையும் பகுதியில் விருதுநகர் மாவட்டமும் அடங்கும்.

பருத்தியும் பயறும் ஒரு நாள் காத்திருக்கும். மல்லிகை மொட்டு காத்திருக்காது. விடியற்காலையில் பறித்த மொட்டு மலர்வதற்குள் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை அடைந்தாக வேண்டும். உதாரணமாக, 200 கிலோ பூ ஏற்றிய வேன் வழியில் 2 மணி நேரம் நின்று, அதனால் கிலோவுக்கு 20 ரூபாய் விலை குறைந்தால், ஒரே நாளில் 4,000 ரூபாய் நஷ்டம். நின்றதற்குக் காரணம் சில நூறு ரூபாய் பெறும் ஒரு பெல்ட்டாக இருக்கலாம்; பேட்டரி முனையில் படிந்த வெறும் உப்புப் பொடியாகவும் இருக்கலாம்.

2005-ல் டாட்டா ஏஸ் வேன் விற்பனைக்கு வந்தது. 702 சி.சி. கொள்ளளவும் 2 சிலிண்டரும் கொண்ட சிறிய டீசல் இஞ்சினுடன் வந்த இந்த வண்டிக்குத் தமிழ்நாட்டு மக்கள் 'குட்டியானை' என்று பெயர் வைத்தனர். அதன்பின் பல கம்பெனிகளின் சிறு சரக்கு வேன்களும் வந்துவிட்டன. சிறு விவசாயிகள் தாமாகவோ கூட்டாகவோ வாங்கியும், வாடகைக்குப் பிடித்தும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். மாட்டுக்குத் தீனி வைத்து, லாடம் பார்த்து, நோய் அறிந்து பழகிய விவசாயிக்கு வேனின் குணத்தை அறிவதும் கடினம் அல்ல.

வேன் வழியில் நின்றுவிட்டால் கவனிக்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் ஆள், அடுத்து சரக்கு, அதன்பின் வண்டி. பதற்றத்தில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். நின்ற இடத்திலேயே இஞ்சின் மூடியைத் திறந்து குனிந்துவிடுகின்றனர். பின்னால் வரும் லாரியை நினைப்பதில்லை.

முதலில் ஆள்

விருதுநகர் வழியாகச் செல்லும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும், காரியாபட்டி வழியாக மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் 38-ம் எண் தேசிய நெடுஞ்சாலையும் நான்கு வழிச் சாலைகள். இவற்றில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். டிரைவர் நின்ற வேனைக் கண்டு, பிரேக்கை மிதித்து, பாரத்துடன் வரும் லாரியை நிறுத்துவதற்குள் பல நொடிகள் ஓடிவிடும். ஆகவே வேனுக்கு 20 அடி பின்னால் ஓர் அடையாளம் வைப்பதால் பயன் இல்லை.

வண்டியில் கோளாறு தெரிந்தவுடன் இடது இண்டிகேட்டரைப் போட்டு, ஓடுகிற வேகத்திலேயே சாலையை விட்டு இடப்புறம் மண் தரைக்கு இறக்கிவிட வேண்டும். டயர் பஞ்சர் ஆகியிருந்தாலும் மெதுவாக உருட்டிச் சென்று பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே நல்லது. டயர் கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வளைவிலும், பாலத்தின் மேலும், மேடேறி இறங்கும் இடத்திலும் கூடுமானவரை நிறுத்தக் கூடாது.

நின்றவுடன் நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து எரியும் அபாய விளக்கைப் போட வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் டிரைவரின் கதவு சாலைப் பக்கமே திறக்கும். எனவே, முடிந்தால் இடது கதவு வழியாக இறங்குவது நலம். சிவப்பு முக்கோணப் பலகையைச் சாதாரண ரோட்டில் 50 மீட்டருக்குப் பின்னாலும், நான்கு வழிச் சாலையில் 100 மீட்டருக்குப் பின்னாலும் வைக்க வேண்டும். 100 மீட்டர் என்பது ஏறத்தாழ 130 எட்டு. பலகையை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, ரோட்டின் ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நடக்க வேண்டும்.

முக்கோணம் இல்லாதபோது மரக்கிளை ஒடித்துப் போடுவதும், கற்களை வரிசையாக வைப்பதும் நம் ஊர்களில் வழக்கம். இலைக்கொத்து பகலில் ஓரளவு உதவும். கல் வைக்கவே கூடாது. வேன் புறப்படும் அவசரத்தில் கல்லை எடுக்க மறந்துவிடுகின்றனர். அன்றிரவு அவ்வழியே மோட்டார் சைக்கிளில் வருபவர் அந்தக் கல்லில் மோதி விழுகிறார். ஒரு முக்கோணப் பலகை வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் பழி வராது.

வண்டியில் வந்தவர்கள் உள்ளேயும் உட்காரக் கூடாது. வண்டியின் பின்புறமும் நிற்கக் கூடாது. சாலையை விட்டு நன்றாக விலகி, இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அப்பால் நிற்க வேண்டும். மூட்டையின் மேல் ஆட்களை ஏற்றி வருவது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. கூலிக்கு ஆள் ஏற்றிய சரக்கு வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். சாலையில் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் பார்த்துச் சொன்னால் வருபவர்கள் இடத்தை எளிதில் கண்டுகொள்வர். யாருக்கேனும் காயம் பட்டிருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்து சரக்கு

ஆட்கள் பத்திரமானதும் சரக்கைக் கவனிக்க வேண்டும். இதற்கு அரை மணிக் கணக்கு உதவும். கோளாறு என்னவென்று பார்த்து, அரை மணி நேரத்துக்குள் சரிசெய்ய முடியும் என்றால் மட்டுமே காத்திருக்கலாம். முடியாது என்று தோன்றினால் உடனே வேறு வண்டிக்குப் போன் செய்துவிட வேண்டும். 'இதோ சரியாகிவிடும், அதோ சரியாகிவிடும்' என்று 2 மணி நேரம் கழித்து வேறு வண்டி தேடுவதால்தான் சரக்கு வீணாகிறது. ஒரே ஊரில் வேன் வைத்திருக்கும் நான்கைந்து பேர் ஒருவருக்கொருவர் உதவுவதென்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மல்லிகை மொட்டு மூட்டைகளை நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூட வேண்டும். மூட்டைக்குள் தண்ணீரைக் கொட்டக் கூடாது. வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை வகைகளுக்கு வெயில் படாமல் தார்ப்பாயைப் பந்தல்போல் தூக்கிக் கட்டி, பக்கவாட்டில் காற்றுப் புக விட வேண்டும். இறுக மூடினால் உள்ளே வெப்பம் ஏறி காய் வெந்துபோகும். வெங்காயத்துக்கும் மிளகாய் வற்றலுக்கும் மழைதான் எதிரி. பால் கேன்கள் இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் அவற்றை முதலில் அனுப்பிவிட வேண்டும். ஆடு, கோழி ஏற்றியிருந்தால் நிழலும் தண்ணீரும் உடனே தேவை. ஆட்டை ரோட்டோரம் அவிழ்த்துவிடாமல் கட்டி வைக்க வேண்டும்.

ஏன் நின்றது?

நாடி பார்ப்பதுபோல் மூன்று கேள்விகளால் கோளாறின் இருப்பிடத்தைக் கண்டுகொள்ளலாம்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் கோளாறு பேட்டரியிலோ மின் இணைப்பிலோ இருக்கலாம். இஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் இழுவை குறைந்து, சூட்டு முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறி நின்றது என்றால் தண்ணீர், ரேடியேட்டர், பெல்ட் இவற்றைப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த நொடியே வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும். இஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். 'அடுத்த ஊர் வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் இஞ்சினையே பிரித்து வேலை பார்க்கும்படி ஆகும்.

பஞ்சரும் டயரும்

நம் பகுதிப் பாதைகளில் சீமைக் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. வேலி வெட்டிய பின் தடத்தில் கிடக்கும் காய்ந்த முள் டயரில் ஏறி, காற்று மெதுவாக இறங்கும். டியூப் இல்லாத டயரில் ஏறிய முள்ளையோ ஆணியையோ வழியில் பிடுங்கக் கூடாது. அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றுப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பஞ்சர் கடை வரை போய்விடலாம்.

ஸ்டெப்னி மாற்றும்போது கை பிரேக் போட்டு, கியரில் விட்டு, மாற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்வது அவசியம். தூக்கிய பிறகு ஓங்கி மிதித்தால் ஜாக்கி நழுவிவிடும். கரிசல் மண் நனைந்தால் ஜாக்கி அப்படியே புதைந்துவிடும். ஒரு முழ நீளமுள்ள தடித்த பலகை ஒன்றை வேனில் எப்போதும் வைத்திருந்து, அதன் மேல் ஜாக்கியை வைக்க வேண்டும். பாரம் அதிகமாக இருந்தால் அந்தப் பக்கத்து மூட்டைகளை இறக்கிய பின்பே தூக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது.

புதிய சக்கரத்தின் நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். வண்டியை இறக்கிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். சுமார் 30 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி இன்னொரு தடவை பார்ப்பது நலம். சாலைப் பக்கத்துச் சக்கரம் பஞ்சரானால் வாகனங்கள் உரசிச் செல்லும் இடத்தில் உட்கார்ந்து மாற்றக் கூடாது. கிளை ரோட்டுக்குள் உருட்டிச் சென்று மாற்ற வேண்டும்.

காற்றின் அளவு கதவோரம் ஒட்டிய தகட்டில் குறிக்கப்பட்டிருக்கும். புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. அக்னி நட்சத்திர வெயிலில், குறைந்த காற்றுடன், அளவுக்கு மீறிய பாரத்துடன் ஓடும் டயர் சூடேறி வெடிக்கும். ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எடைக்கு மேல் ஏற்றுவதால் மிச்சமாகும் ஒரு நடை வாடகை, ஒரு டயருக்குக்கூட ஈடாகாது.

இஞ்சின் சூடேறினால்

ரேடியேட்டரில் உள்ள நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் இறங்கி, ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் பலர். ஆகவே இஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். பிறகு தடித்த சாக்கைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைச் சிறிது திருப்பி ஆவியை வெளியேற்றிய பின்பே முழுவதும் திறக்க வேண்டும். சூடான இஞ்சினின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும். உள்ளே ஊற்றும் நீரையும், இஞ்சின் ஆறிய பிறகு, சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் காரணத்தைத் தேடலாம். பேட்டரி விளக்கும் எரிந்து சூடும் ஏறினால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். மாற்றுப் பெல்ட் ஒன்றும் அதை மாட்டத் தேவையான ஸ்பானரும் வேனில் இருந்தால், பழகியவர் வழியிலேயே மாட்டிவிடலாம். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதைத் துடைத்து, பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இறுகச் சுற்றி, மேலே கம்பியால் கட்டி, நீர் நிரப்பி, மெதுவாக அருகிலுள்ள ஒர்க்ஷாப் வரை போகலாம். இது வழிக்கு மட்டுமே ஆகும் வைத்தியம். ரேடியேட்டரின் முகப்பில் பருத்திப் பஞ்சும் வைக்கோல் தூசும் பூச்சிகளும் அடைத்திருந்தால் காற்றுப் புகாமல் சூடேறும். இதை வீட்டில் மென்மையாகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடலாம்.

இவ்வட்டாரத்தில் உப்புத் தன்மையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உண்டு. அந்த நீர் சொட்டு நீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைப்பதை விவசாயிகள் நன்கு அறிவர். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இதே அடைப்புதான் உண்டாகிறது. அங்கு அமிலம் விட்டுக் கழுவ முடியாது. எனவே கம்பெனி சொல்லும் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் மட்டுமே ஊற்ற வேண்டும். வழியில் வேறு வகையில்லை என்றால் குடிநீரை ஊற்றிப் போய், பிறகு அதை வடித்துவிட்டு முறையாக நிரப்பிக்கொள்ளலாம்.

பேட்டரியும் பியூசும்

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தால் மின்சாரம் சரிவர ஓடாது. முனையை லேசாக அசைத்துப் பார்த்தால் தளர்ந்திருப்பதும் தெரியும். முதலில் கறுப்பு இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, இறுகப் பூட்டி, வாசலின் தடவினால் போதும். மீண்டும் பூட்டும்போது கறுப்பைக் கடைசியில் பூட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளியாகும். அதன் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

பேட்டரி இறங்கிப்போனால் வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து இஞ்சினைக் கிளப்பலாம். சிறு வேன்களும் டிராக்டர்களும் பொதுவாக 12 வோல்ட்டில் இயங்குபவை. பெரிய லாரிகளும் பஸ்களும் 24 வோல்ட். லாரி பேட்டரியிலிருந்து வேனுக்குக் கம்பி கொடுத்தால் வேனின் மின்கருவிகள் அனைத்தும் கருகிவிடும். வீட்டு டிராக்டர் 12 வோல்ட் என்று பேட்டரியைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அதைப் பயன்படுத்தலாம். சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ் முனையிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை நின்ற வண்டியின் இஞ்சின் இரும்பிலும் மாட்ட வேண்டும். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இஞ்சின் பிடித்ததும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து கழற்ற வேண்டும்.

சாவியைத் திருப்பி ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் சுற்றவிடக் கூடாது. அரை நிமிடம் இடைவெளி விட்டு முயல வேண்டும்.

பியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதிய பியூசையே போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிப் போடுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். வைக்கோலும் பருத்தியும் ஏற்றும் வண்டிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

டீசல் வராவிட்டால்

டாங்கில் டீசல் முழுவதும் தீரும்வரை ஓட்டினால் குழாயில் காற்றுப் புகுந்து, டீசல் ஊற்றிய பின்னும் இஞ்சின் பிடிக்காது. ஆகவே கால் டாங்குக்குக் கீழே இறங்கவிடாமல் இருப்பது நல்ல பழக்கம். டீசல் வடிகட்டியின் அடியில் தங்கும் நீரைத் திறந்துவிடும் திருகு பல வண்டிகளில் உண்டு. மழைக்காலத்தில் அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

பழைய வண்டிகளில் நட்டுகளைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுவர். புதிய 'காமன் ரெயில்' வண்டிகளில் இஞ்செக்டர் குழாயின் நட்டைத் தொடவே கூடாது. அதில் டீசல் சாதாரண டயர்க் காற்றைப்போல் பல நூறு மடங்கு அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசிபோல் பீறிட்டுத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 வண்டிகளில் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும் இருப்பதால் இவற்றில் டீசல் கோளாறை மெக்கானிக்கிடமே விட வேண்டும். தள்ளிக் கிளப்புவதையும் கம்பெனி கையேடு அனுமதித்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

சில பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியா கரைசல் ஒன்று தனி டாங்கில் ஊற்றப்படுகிறது. இது 32.5 சதவீதம் தூய யூரியாவும் தாது நீக்கிய நீரும் சேர்ந்தது. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றினால் செலவு மிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. 2015 முதல் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அந்த எண்ணெயும் அழுக்கும் கருவியை அடைத்துப் பெருஞ்செலவு வைக்கும். மானிய உரத்தை விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

எரிவாயுவில் ஓடும் வேனில் வாயு நாற்றம் வந்தால் இஞ்சினை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, விலகி நின்று உதவி கேட்க வேண்டும். மின்சார வேனில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றைத் தொடக் கூடாது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

பிரேக் மிதி பஞ்சுபோல் இறங்கினாலோ, தரை வரை போனாலோ, ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரிந்தாலோ வண்டியை ஓட்டிச் செல்ல எண்ணவே கூடாது. ஓடும்போது பிரேக் பிடிக்காவிட்டால் மிதியைப் பலமுறை வேகமாக மிதித்து, கியரைப் படிப்படியாகக் குறைத்து, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து நிறுத்த வேண்டும். சாவியை எடுத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக வேறு எண்ணெயோ தண்ணீரோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர்கள் கெட்டு, மறுபடி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

கயிறு கட்டி இழுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. இஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கைப் பல மடங்கு பலத்துடன் மிதிக்க வேண்டியிருக்கும். பாரத்தோடும், இரவிலும், நான்கு வழிச் சாலையிலும் டிராக்டரில் கட்டி இழுக்கக் கூடாது.

புகையும் தீயும்

சிறு வேன்கள் பலவற்றில் இஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. கருகிய நாற்றமோ புகையோ வந்தால் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்க வேண்டும். இருக்கையைச் சட்டென்று முழுவதும் தூக்கினால் காற்றுப் பட்டுத் தீ பெரிதாகும். சிறு இடைவெளி வழியாகத் தீயணைப்புப் பொடியை அடிக்க வேண்டும். பொடிக்கு அடங்காத தீயுடன் போராடாமல் விலகி 112-க்குப் போன் செய்ய வேண்டும். வைக்கோல் பாரம் உயர்ந்து மின்கம்பியில் உரசுவதும் தீக்குக் காரணம் ஆகும். தாழ்ந்த கம்பி உள்ள தடங்களை அறிந்து பாரத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும்.

சிவகாசி பக்கம் போய்த் திரும்பும் வேன்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. தீபாவளிக்கு முன் 'திரும்பும் நடை வெறுமனே போகிறதே' என்று காய்கறிச் சாக்குகளுக்கு அடியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றுவது பெருந்தவறு. வெடிபொருள்களை ஏற்றிச் செல்வதை 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வழியில் நிற்கும் சாதாரண வண்டியில் ஒரு மின்பொறி சிறு விஷயம். பட்டாசு ஏற்றிய வண்டியில் அதுவே உயிருக்கு உலை. பட்டாசு வண்டி வழியில் நிற்கக் கண்டால் அருகே நிறுத்தி வேடிக்கை பார்க்கவும், பீடி பற்றவைக்கவும் கூடாது. மருந்துப் பொருள் ஏற்றியிருந்த எந்த வண்டியையும் முற்றிலும் சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை 15 நிமிடம்

வழியில் நிற்கும் கோளாறுகளில் பல ஒரே நாளில் வருபவை அல்ல. பயிரில் நோய் தோன்றுவதுபோல் முன்னதாகவே அறிகுறி காட்டுகின்றன. வாரத்தில் ஒரு மாலை 15 நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. படித்து முடித்த செய்தித்தாளை இரவில் இஞ்சினுக்கு அடியில் விரித்து வைக்க வேண்டும். காலையில் அதில் கறுப்புத் துளி இருந்தால் இஞ்சின் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நீர் இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் அருகே வழவழப்பான வெளிர் மஞ்சள் துளி இருந்தால் பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று பொருள்.

2. வண்டி சமதரையில் நிற்க, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றும் குறியளவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

3. பெல்ட்டில் வெடிப்பும் பிசிறும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சாதாரணப் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர் இறங்கலாம்.

4. ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களிலும் காற்று, முள், வெடிப்பு, தேய்மானம் பார்க்க வேண்டும். வழியில் நின்ற பிறகு ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்று அறிவதால் பயனில்லை.

5. முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர்கள் எரிகின்றனவா என்று இன்னொருவரை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும்.

6. பேட்டரி முனைகளைத் துடைத்து, தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீர் விட வேண்டும்.

வேனில் இருக்க வேண்டியவை: முக்கோணப் பலகை, ஜாக்கி, வீல் ஸ்பானர், தடித்த பலகை, இரண்டு முட்டுக்கட்டைகள், திருப்புளி, குறடு, சில ஸ்பானர்கள், மாற்றுப் பெல்ட், பியூஸ்கள், பேட்டரி இணைப்புக் கம்பிகள், சைக்கிள் டியூப் துண்டு, கட்டுக்கம்பி, டார்ச் விளக்கு, 5 லிட்டர் நல்ல நீர், இரண்டு சாக்குகள், தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி. இவற்றில் பல வீட்டிலேயே கிடப்பவை. காப்பீடு, எப்.சி., புகைச் சான்று ஆகியவற்றின் கெடு தேதிகளையும், ஆயில் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். சில காப்பீட்டுத் திட்டங்களில் வழியில் நின்ற வண்டிக்கு உதவி அனுப்பும் வசதி சேர்ந்திருக்கும். அப்படி இருந்தால் அந்த எண்ணையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நலம்.

வாடகை வேன் பிடிக்கும் விவசாயிகளும் மூட்டையை ஏற்றுமுன் டயரையும் ஸ்டெப்னியையும் பின் விளக்கையும் ஒரு பார்வை பார்ப்பதில் தவறில்லை. சரக்கு அவர்களுடையது, சில வேளைகளில் உடன் செல்லும் மகனும் அவர்களுடையவனே. விடியுமுன் புறப்படும் வேனில் இரவே காற்றும் விளக்கும் பார்த்து வைத்து, முக்கோணப் பலகையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டால், நஷ்டமின்றிச் சரக்கும் நலமாக ஆளும் வீடு திரும்பலாம்.